கூலிப் பட்டியலும் வாக்குச் சீட்டும்



1935ஆம் ஆண்டிலே, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதி றூஸ்வெல்ற், வேலையற்றோர்க்கு வேலை கொடுக்கும் பொருட்டுப் பெரியதொரு நிறுவனத்தை அமைத்தார். ஹறி ஹொப்கின்ஸ் என்பார் அதன் தலைவர். வீதி, பாலம், பாடசாலை முதலியவற்றை அமைப்பித்து, 1943இல் மூடப்படும் வரையில் ஏறத்தாழ 85 இலட்சம் பேருக்கு அது கூலி வழங்கியது. பணம் வாஷிங்ரனிலிருந்து வந்தது. ஆயினும் எந்த ஊரில் எந்த வேலை என்பதை முன்மொழிந்தோர் பெரும்பாலும் உள்ளூர் ஆட்சியினரே. கட்சி புகுந்தது இவ்வாயிலினூடாகத்தான்.

மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் நகரில், யாதொரு பதவியும் வகியாத ரொம் பென்டர்காஸ்ற் என்பவரே ஜனநாயகக் கட்சியை ஆட்டிவைத்தார். மாநிலத்தில் மேற்படி நிறுவனத்தின் பணிப்பாளராயிருந்தவர் அவருடைய ஆள். பொது வேலைகளுக்குக் கொங்கிறீற்றுக் கலவை விற்றதோ அவருடைய கொம்பனி! 1939இல் வருமான வரி ஏய்ப்புக்காக அவர் சிறை சென்றார்.

இதைக் கொண்டு, மேலும் கீழும் ஒரே கட்சியாயிருந்தாற்றான் வேலை கிடைக்கும் என்று முடிவு கட்டலாகாது. நியூயோர்க் நகர முதல்வர் லகார்டியா குடியரசுக் கட்சியினர். எனினும் றூஸ்வெல்ற்றுடன் ஒத்துழைத்தமையால் அந்நகருக்கு வேலைகள் ஏராளமாகக் கிடைத்தன.

மறுபுறம், கென்ரக்கி மாநிலத்திலே நிகழ்ந்தது விசித்திரமானது. 1938இல் செனற் சபை வேட்பாளர் நியமனத்துக்காகப் போட்டியிட்ட இருவருமே ஜனநாயகக் கட்சியினர். ஒருவர் செனற்றர் பார்க்ளி; மற்றவர் மாநில ஆளுநர் சான்ட்லர். ஜனாதிபதியோ பார்க்ளியின் பக்கம். அவர் ஆதரவு தேடி வந்த நாளிலே சான்ட்லர் அவருடைய மோட்டார் வண்டியிற் பாய்ந்தேறி, அவருக்கும் பார்க்ளிக்கும் நடுவே அமர்ந்துகொண்டாராம். ஊர்களிலோ விளையாட்டு இல்லை. நிவாரண வேலையாட்கள் பார்க்ளிக்கும், மாநில ஊழியர் சான்ட்லருக்கும் உழைக்குமாறு நெருக்கப்பட்டனர். கூலிப் பணத்திலிருந்தே தேர்தற் பணமும் கேட்கப்பட்டது. பிள்ளைகளுக்கு உணவு தேடும் ஒருவன் அந்நிலையில் மறுத்துரைப்பது எங்ஙனம்?

தோமஸ் ஸ்ரோக்ஸ் என்னும் பத்திரிகையாளர் நேரிற் சென்று விசாரித்து இவற்றை எழுதினார். 1939இல் புலிற்சர் பரிசு பெற்றார். பார்க்ளியே வென்றார். செனற் சபைக் குழுவொன்றும் ஆராய்ந்து, இரு தரப்பாரையும் குற்றங்கூறியது. 1939 ஆகஸ்டில் ஹச் சட்டம் பிறந்தது. வாக்குக்கு ஈடாக நிவாரண வேலை தருவதாக வாக்களிப்பதும், வேலையைப் பறிப்பதாக மிரட்டுவதும் அதனாற் குற்றமாயின. மத்திய பணத்தில் ஊதியம் பெறும் மாநில ஊழியருக்கும் அச்சட்டம் 1940இல் விரிக்கப்பட்டது.