குறி ஏன் தப்புது? கடலூரில் இறந்த ஒரு கணக்கு வாத்தியாரின் கதை

நம்ம சினிமாவுல ஹீரோ ரிவால்வரை எடுத்தா குறி தப்பவே தப்பாது. ஓடுற ஜீப்புல தொங்கிக்கிட்டே சுடுவாரு, வில்லன் கையில இருக்கிற துப்பாக்கி மட்டும் கரெக்டா கீழ விழும். நிஜத்துல ரிவால்வர் குறி தப்பும். அப்படித் தப்பும்போது ஒரு நல்ல துப்பாக்கி மெக்கானிக் என்ன செய்வாருங்கிறதுல இருந்து இன்னைக்குக் கதையை ஆரம்பிக்கிறேன்.

முதல்ல அவர் சுடுற ஆளைக் கணக்குல இருந்து எடுத்துடுவாரு. துப்பாக்கியை ஒரு மேடையில இறுக்கிப் பூட்டிச் சுடுவாரு. அப்பவும் குண்டுகள் சிதறினா, தப்பு கையில இல்லைன்னு தெரிஞ்சிடும். அடுத்தது சிலிண்டர். அதுல பொதுவா ஆறு சேம்பர் இருக்கும், பேரல் ஒண்ணுதான். ஒவ்வொரு தடவையும் ஒரு சேம்பர் சுத்தி வந்து பேரலுக்கு நேரா நிக்கணும். மயிரிழை விலகினாலும் குண்டு ஒரு பக்கமா இடிச்சுக்கிட்டுத்தான் பேரலுக்குள்ள நுழையும். அதனால சேம்பர்களுக்கு நம்பர் போட்டு, ஒவ்வொண்ணையும் தனித்தனியா சுட்டுப் பார்ப்பாரு. நாலாம் நம்பர் மட்டும் எப்பவும் இடது பக்கம் போகுதா? நோய் அங்கதான். ஆறுமே சிதறுதா? அப்போ பேரலைப் பார்க்கணும்: நுழையுற வாய் தேஞ்சிருக்கா, உள்ளே ஈயம் ஒட்டியிருக்கா, வெளியேறுற முனையில அடி பட்டிருக்கான்னு. சேம்பர் வாய் சின்னதா இருந்தா குண்டு அங்கேயே நசுங்கிச் சிறுத்து, பேரலுக்குள்ள லூசா ஆடிக்கிட்டே போகும்.

ஒரு நேரத்துல ஒரு விஷயத்தை மட்டும் மாத்திப் பார்க்கிறது. இதுதான் அவர் முறை. துப்பாக்கி விஷயத்துல இதை ஒழுங்கா செஞ்சு காட்டின முன்னோடி ஒருத்தர் நம்ம கடலூர்ல வந்துதான் செத்துப்போனாரு. பேரு பெஞ்சமின் ராபின்ஸ்.

1707-ல இங்கிலாந்தின் பாத் நகரத்துல பிறந்தவர். அவர் குடும்பம் குவேக்கர்கள். சண்டையே பாவம்னு சொல்ற கிறிஸ்தவப் பிரிவு அது. அந்த வீட்டுப் பையன் லண்டன் வந்து கணக்கு வாத்தியார் ஆகி, கடைசியில பீரங்கிக் கணக்குல போய் நின்னாரு.

அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கியோட பேரல் உள்ளே வழுவழுன்னு இருக்கும். குண்டு ஒரு உருண்டை. முன்பக்கமா சீக்கிரம் போட்டு இடிக்கணுமேன்னு குண்டைப் பேரலைவிடச் சின்னதாவே வார்ப்பாங்க. நூறு கஜம் தாண்டிட்டா அது எங்க போகும்னு சாமிக்குத்தான் தெரியும். படைகள் தோளோடு தோள் வரிசையா நின்னு ஒரே நேரத்துல சுட்டதுக்கு அது ஒரு முக்கியக் காரணம். ஒருத்தன் குறி தப்பினாலும் நூறு பேர்ல சிலர் குறியாவது படும்.

ஏன் தப்புதுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு பதில் சொன்னாங்க. காத்து, மருந்து, சுடுறவன் கை நடுக்கம். ராபின்ஸ் அளந்து பார்த்தாரு. ஒரு மரக்கட்டையை ஊசல் மாதிரித் தொங்கவிட்டு அதுல குண்டைச் சுட்டாரு. கட்டை எவ்வளவு தூரம் ஆடுதோ, அதை வெச்சுக் குண்டோட வேகத்தைக் கணக்குப் போட்டாரு. ஒலியைவிட வேகமா போகுதுன்னு தெரிஞ்சுது. கட்டையைக் கொஞ்சம் தள்ளி வெச்சு மறுபடி சுட்டா, நடுவுல காத்து எவ்வளவு வேகத்தைத் தின்னுச்சுன்னும் தெரிஞ்சிடும். அவ்வளவு வேகத்துல காத்து குண்டைத் தடுக்கிற விசை, குண்டோட எடையைப்போல நூறு மடங்குக்கும் மேல! அதுவரைக்கும் பலர் காத்தைப் பெரிய விஷயமாவே எடுத்துக்கலை. இதையெல்லாம் 1742-ல புத்தகமா போட்டாரு.

குறி தப்புறதுக்கு அவர் கண்டுபிடிச்ச காரணம் இதுதான். லூசான குண்டு பேரல் சுவத்துல உரசிக்கிட்டு வெளியே வருது. எந்தப் பக்கம் உரசுதோ அதைப் பொறுத்து ஒரு சுழற்சி கிடைக்குது. சுழல்ற பந்தைக் காத்து ஒரு பக்கமாத் தள்ளும். அஷ்வின் பந்து பிட்ச் ஆகுறதுக்கு முன்னாடியே காத்துல மெல்ல விலகுது பாருங்க, அதே சங்கதி. எந்தப் பக்கம் சுழலும்னு ஒவ்வொரு தடவையும் மாறுறதால, எந்தப் பக்கம் விலகும்னும் சொல்ல முடியாது.

எப்படி நிரூபிக்கிறது? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு துப்பாக்கியோட பேரல் முனையை வேணும்னே இடது பக்கம் வளைச்சாரு. வளைவுல குண்டு வலது சுவத்தை ஒட்டி உருண்டுதான் வெளியே வரணும். அப்படின்னா, இடது பக்கம் கிளம்புற குண்டு போகப் போக வலது பக்கம் திரும்பணும்னு முன்னாடியே சொன்னாரு. வழியில மெல்லிய காகிதத் திரைகளைக் கட்டி, தூரத்துல ஒரு சுவரை இலக்கா வெச்சுச் சுட்டாரு. ஓட்டைகளைப் பார்த்தா, குண்டு இடது பக்கம் கிளம்பி, வளைஞ்சு, வலது பக்கம் போய் அடிச்சிருக்கு. கோணல் துப்பாக்கியை வெச்சு நேரான துப்பாக்கியோட நோயைக் கண்டுபிடிச்ச மனுஷன்!

அவர் புத்தகத்தை ஜெர்மனுக்குக் கொண்டுபோன மாபெரும் கணித மேதை ஆய்லர்கூட இந்தச் சுழற்சி விளக்கத்தை ஏத்துக்கலை. குண்டு சரியான உருண்டையா இல்லாததுதான் காரணம்னாரு. நூறு வருஷம் கழிச்சு ஜெர்மானிய இயற்பியலாளர் மாக்னஸ் இதை ஆராய, இன்னைக்கு அதுக்கு மாக்னஸ் விளைவுன்னே பேரு. ராபின்ஸ் பேரு காணாமப் போச்சு.

நோய் தெரிஞ்சா மருந்தும் தெரியும். சுழற்சியை நிறுத்த முடியாது, ஆனா நாமே ஒரே மாதிரிச் சுழல வைக்கலாம். பேரலுக்குள்ள திருகாணி மாதிரிப் புரி வெட்டினா, குண்டு போற திசையையே அச்சா வெச்சுச் சுழலும். புரித் துப்பாக்கி ஏற்கெனவே வேட்டைக்காரங்ககிட்ட இருந்துச்சு. அது ஏன் நல்லா சுடுதுங்கிறதை விளக்கினவர் ராபின்ஸ். 1747-ல ராயல் சொசைட்டிக்கு எழுதின கட்டுரையில, இதை முதல்ல புரிஞ்சு படைக்குக் கொடுக்கிற நாடு மத்தவங்களை மிஞ்சிடும்னு எச்சரிச்சாரு.

நம்ம ஊருக்கு எப்படி வந்தாரு? 1746-ல பிரெஞ்சுக்காரங்க சென்னைக் கோட்டையைப் பிடிச்சாங்க. உடன்படிக்கைக்கு அப்புறம் 1749-ல அது திரும்பக் கிடைச்சுது. பயந்துபோன கிழக்கிந்தியக் கம்பெனி, கோட்டைகளைப் பலப்படுத்த ராபின்ஸைத் தலைமைப் பொறியாளரா அனுப்புச்சு. 1750 ஜூலையில கடலூர்ல, தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தாரு. ஒரே வருஷம். காய்ச்சல்ல படுத்து 1751 ஜூலை 29-ல அங்கேயே இறந்துட்டாரு. வயசு 44.

சில்வர் பீச்சுக்குப் போகும்போதெல்லாம் கெடிலம் ஆத்துப் பக்கம் பார்த்துட்டு எனக்கு இவர் ஞாபகம் வரும். அளக்கிறதுல அவ்வளவு நேர்மை. அந்த அறிவை வேலைக்கு வெச்சது, நம்ம கரையில கால் ஊன்றப் பார்த்த ஒரு வியாபாரக் கம்பெனி. ரெண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டியிருக்கு.

அவர் சொன்ன புரி நூறு வருஷம் கழிச்சுத்தான் எல்லாச் சிப்பாய் கைக்கும் வந்துச்சு. 1853 மாடல் என்ஃபீல்டு. அதோட காகிதத் தோட்டா பேரலுக்குள்ள சுலபமா இறங்கக் கொழுப்பு தடவினாங்க. அது மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பாங்கிற கேள்வி 1857-ல என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். குறி தப்பாம இருக்கச் செஞ்ச ஏற்பாடு, கம்பெனி ஆட்சியையே முடிச்சுவைச்ச கலகத்துக்கு ஒரு பொறியா ஆயிடுச்சு.

கடலூர்ப் பக்கம் போனா கோட்டை இருந்த இடத்தை ஒருதரம் எட்டிப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.