பாரி மகளிரின் நிலவு

ஐந்தே அடி! அவ்வளவுதான் அந்தப் பாட்டு. புறநானூற்றின் 112ஆம் பாட்டு. பாடியோர் பாரி மகளிர். காஞ்சியிலே, தறியோசைக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு அதனை நடத்திக்கொண்டிருந்தேன். அண்மையில் தந்தையை இழந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அழுகை இருக்கிறது, ஆறுதல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். உடனே விடை கூற என்னால் இயலவில்லை.

முந்நூறு ஊரையும் பாடி வந்தோர்க்கு வழங்கிவிட்ட பாரியிடம் எஞ்சியிருந்தது பறம்பு மலை ஒன்றே. அதனையும் விட்டுவைக்க மனமில்லை மூவேந்தருக்கு! முடியுடையோர் மூவர் கூடி முற்றுகையிட்டனர், முடியில்லா ஒருவனை. பாரி மாண்டான். மலை பறிபோயிற்று. சென்ற திங்களில் கண்ட அதே முழுநிலவை இந்தத் திங்களிலும் காண்கிறார்கள் மகளிர். நிலவு மாறவில்லை, தந்தை இல்லை, குன்றும் தமதில்லை. கையறுநிலை என்று துறை வகுத்தனர் நம் முன்னோர். செய்வதறியாது கை ஓய்ந்த நிலை!

ஆனால், தோழர்களே, அந்தப் பாட்டிலே எது இல்லை என்று பாருங்கள். தலைவிதி இல்லை. முற்பிறவிப் பாவம் இல்லை. ஆண்டவன் சோதனை இல்லை. எங்கள் குன்றைக் கொண்டவர் வேந்தர் என்று, செய்தவரைச் சுட்டிக் காட்டுகிறார்கள். அவ்வேந்தரின் வெற்றி முரசையும் மறவாமல் குறிப்பிடுகிறார்கள். அது புகழ்ச்சியன்று, இகழ்ச்சிக் குறிப்பு என்று பழைய உரைகாரரே எழுதிவைத்தார். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வதுபோல் இகழ்ந்தாரே ஔவை, அதே கூர்மை! வேந்தரின் முரசு எந்நாளோ ஓய்ந்தது. மகளிரின் இகழ்ச்சியோ, உ.வே.சாமிநாதையர் ஏட்டிலிருந்து 1894இல் அச்சேற்றிய நூலிலே இன்றும் ஒலிக்கிறது.

ஆறுதலுக்கு வருவோம். அது தானாக வந்துவிடவில்லை. கபிலர் அம்மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடம் சென்றார், இருங்கோவேளிடம் சென்றார். இவர்கள் என் மக்கள் என்று சொல்லி நின்றார். அந்தணர் அவர், வேளிர் குலத்து மகளிர் இவர்கள். குலம் குறுக்கே நிற்கவில்லை, நட்பு தந்தையாக்கிற்று! இருங்கோவேள் மறுத்தான். புலவரை இகழ்ந்ததால் உன் முன்னோரின் அரையம் அழிந்த கதையை அறிவாயா என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுத் திரும்பினார் கபிலர்.

பின்னர், பெண்ணையாற்றங்கரைக் கோவலூரில் வடக்கிருந்து உயிர் நீத்தார் என்கிறது புறநானூற்று மரபு. பாரி மகளை மலையனுக்கு அளித்துவிட்டுத் தீப்புகுந்தார் என்கிறது திருக்கோவலூர்க் கோயிலில் உள்ள இராசராசன் காலத்துக் கல்வெட்டு. இரண்டில் எது மெய்யோ, நமக்குள் வழக்கு வேண்டாம். பறம்பைச் சூழ்ந்த மூவருள் ஒருவன் சோழன். அந்தச் சோழர் குலத்தான் ஆட்சியில் வெட்டிய கல்லிலே பாரியின் பெயர்!

மறுநாள் வகுப்பிலே இவ்வளவையும் சொன்னேன். அந்த மாணவி, "கபிலர் போன பிறகு அவர்களுக்கு யார், ஐயா?" என்றாள்.

இருவர் அவர்கள், ஒருவருக்கொருவர் துணை என்றேன். அவள் தன் தங்கையைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.