வில்லேஜ் குக்கிங் சேனல்

வில்லேஜ் குக்கிங் சேனல் என்பது, தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள சின்னவீரமங்கலம் என்னும் சிற்றூரிலிருந்து இயங்கும் ஒரு யூடியூப் அலைவரிசை ஆகும். இது 2018 ஆம் ஆண்டில் ஒரு வேளாண் குடும்பத்தினரால் தொடங்கப்பட்டது. திறந்த வெளியில், விறகடுப்பில், பெருமளவில் உணவு சமைப்பதைக் காட்டும் நிகழ்படங்களை (காணொளிகளை) இது வெளியிட்டு வருகின்றது. 2021 சூலையில், ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்ற முதல் தமிழ் யூடியூப் அலைவரிசை ஆனது. விளக்கவுரை இன்றி, படத்தாலும் இயல்பான ஒலியாலும் செய்தியைச் சொல்லும் முறை இதன் சிறப்பியல்பாகும்.

பின்னணி

இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனத்தின் சேவை தொடங்கிய பின்னர் செல்பேசி இணையத்தின் கட்டணம் பெரிதும் குறைந்தது. அதுவரை எழுத்து வடிவிலான இணையப் பக்கங்களைப் பயன்படுத்தாத பலரும் நிகழ்படங்களைப் பார்க்கத் தொடங்கினர். 2018 பெப்ரவரியில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழ் மொழிக்கும் விரிவாக்கப்பட்டது. இதனால் தமிழ் இணையத்தளங்களும் வலைப்பதிவுகளும் அச்சேவை வழி வருவாய் ஈட்டும் வாய்ப்பைப் பெற்றன. படைப்பாளிகள் தம் ஆக்கங்களை இணையத்தில் நேரடியாக வெளியிட்டு வருவாய் ஈட்டும் இத்தகைய அமைப்பு, படைப்பாளர் பொருளாதாரம் எனப்படுகின்றது.

சிற்றூர்ச் சமையலைக் காட்டும் அலைவரிசைகள் இதற்கு முன்னரே தோன்றியிருந்தன. திருப்பூரைச் சேர்ந்த ஆறுமுகம் சமைக்க, அவர் மகன் படம்பிடித்து வெளியிட்ட வில்லேஜ் ஃபுட் ஃபேக்டரி அவற்றுள் ஒன்று. ஆந்திரப் பிரதேசத்தின் மஸ்தானம்மா (இறப்பு: 2018), தெலங்கானாவின் நாராயண ரெட்டி (இறப்பு: 2019) ஆகியோரும் இவ்வகை நிகழ்படங்களால் உலக அளவில் அறியப்பட்டனர்.

தோற்றம்

சுப்பிரமணியன், முருகேசன், அய்யனார், தமிழ்ச்செல்வன், முத்துமாணிக்கம் ஆகியோரும் அவர்களுடைய தாத்தா பெரியதம்பியும் இக்குழுவின் உறுப்பினர்கள் ஆவர். பெரியதம்பி முன்னர் விழாக்களுக்குச் சமைக்கும் தொழில் செய்தவர். இவர்களுடைய பகுதியில் வேளாண் பணிகள் ஆண்டின் ஒரு பகுதியில் மட்டுமே நடைபெறுகின்றன. எஞ்சிய காலத்தைப் பயன்படுத்தும் வழியாகவே அலைவரிசை தொடங்கப்பட்டது.

காட்சி முறை

பெரும்பாலான சமையல் நிகழ்ச்சிகளில் சமைப்பவர் பார்வையாளரை நோக்கிச் செய்முறையை விளக்குவார். இங்கு அவ்வாறான விளக்கம் இல்லை. ஒவ்வொரு பொருளும் ஒளிப்படக் கருவியின் முன் உயர்த்திக் காட்டப்பட்டு, அதன் பெயர் மட்டும் உரத்த குரலில் கூறப்படுகின்றது. தமிழ் அறியாதவர் அச்சொல்லை அறியாவிடினும் பொருளைக் கண்ணால் அறிந்து கொள்ளலாம். நிகழ்படங்களின் தலைப்புகள் ஆங்கிலத்தில் இடப்படுவதால் பிறமொழியினர் தேடிக் கண்டறிவதும் எளிதாகின்றது.

அம்மியில் அரைக்கும் ஓசை, விறகு எரியும் ஓசை, எண்ணெயில் பொரியும் ஓசை ஆகியவை விளக்கவுரையின் இடத்தைப் பிடிக்கின்றன. வயல், தோப்பு போன்ற இடங்களே சமையலறையாக அமைகின்றன. பொருள்களைத் தூய்மை செய்தல், மசாலை அரைத்தல், சமைத்தல், உண்ணுதல், பகிர்தல் என்னும் வரிசை மாறுவதில்லை. சமைத்த உணவு முதியோர் இல்லங்களில் உள்ளோர் போன்றவர்களுக்கு வழங்கப்படுகின்றது. உணவின் அளவு பெரிதாக இருப்பதற்கான காரணத்தை இந்த இறுதிக் காட்சியே பார்வையாளருக்கு உணர்த்துகின்றது. வீட்டுச் சமையலுக்கான துல்லியமான அளவுகளைக் கற்பிப்பது இவற்றின் முதன்மை நோக்கம் அன்று.

வருவாய்

யூடியூப் நிறுவனம் நீண்ட நிகழ்படங்களின் பக்கத்தில் தோன்றும் விளம்பரங்களின் வருவாயில் 55 விழுக்காட்டைப் படைப்பாளிகளுக்கு வழங்குகின்றது. 2018 சனவரியில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, இவ்வருவாயைப் பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவைப்பட்டன. ஒரே எண்ணிக்கையிலான பார்வைகளுக்குக் கிடைக்கும் தொகை, பார்ப்பவர் வாழும் நாட்டைப் பொறுத்து வேறுபடும். விளம்பரக் கட்டணம் மிகுந்த நாடுகளில் உள்ள பார்வையாளரால் கிடைக்கும் வருவாய் பொதுவாக அதிகம். ஆகவே மொழியைக் கடந்து புரியும் காட்சி முறை, கலை சார்ந்த தெரிவாக மட்டுமன்றி வருவாய் சார்ந்த தெரிவாகவும் அமைகின்றது.

இவ்வருவாய்க்கு உறுதிப்பாடு குறைவு. பங்கீட்டு விதிகளையும் பரிந்துரை முறைகளையும் நிறுவனமே வகுக்கின்றது. மழையை நம்பிய வேளாண்மையிலிருந்து துணை வருவாய் தேடும் குடும்பங்கள், தம் கட்டுப்பாட்டில் இல்லாத மற்றொன்றையும் நம்ப வேண்டியுள்ளது.

அறியப்பட்ட நிகழ்வுகள்

2021 சனவரியில், சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னர் தமிழ்நாட்டில் பயணம் செய்த காங்கிரசுத் தலைவர்களுள் ஒருவரான ராகுல் காந்தி இக்குழுவினருடன் சேர்ந்து காளான் பிரியாணி உண்டார். வெங்காயத் தயிர்ப் பச்சடி செய்த அவர், குழுவினரின் வழக்கப்படி பொருள்களின் பெயர்களைத் தமிழிலேயே உரக்கக் கூறினார். இந்த நிகழ்படம் இந்தியா முழுவதும் பரவியது.

2021 சூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்றபோது, குழுவினர் முதலமைச்சர் மு. க. ஸ்டாலினைச் சந்தித்துக் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கினர். 2022 இல் வெளியான விக்ரம் திரைப்படத்தில் இவர்கள் சமையல் குழுவினராகவே தோன்றினர். பின்னர் சந்தாதாரர் எண்ணிக்கை 2 கோடியையும் கடந்தது.

ஒப்பீடு

சீனாவின் லீ சிச்சி என்பவரும் விளக்கவுரை இல்லாத ஊரக வாழ்க்கை நிகழ்படங்களால் உலகப் புகழ் பெற்றார். தம்முடன் இணைந்து செயல்பட்ட நிறுவனத்துடன் ஏற்பட்ட பிணக்கினால் 2021 சூலைக்குப் பின் அவர் புதிய நிகழ்படம் எதையும் வெளியிடவில்லை. வழக்கு 2022 திசம்பரில் இணக்கமாக முடிந்தது. 2024 நவம்பரில் அவர் மீண்டும் வெளியிடத் தொடங்கினார். படைப்பவரிடமே அலைவரிசையின் உரிமை இருப்பதன் தேவையை விளக்க இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றது. சின்னவீரமங்கலத்தில் சமைப்பதும், படம்பிடிப்பதும், வெளியிடுவதும் ஒரே குடும்பத்தினர் என்பது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.