தோலின் காவல் அணுக்கள்

கைக்கடிகாரத்தின் நிக்கல் பட்ட இடம் சிலருக்குச் சிவந்து அரிப்பெடுக்கிறதன்றோ? அவ்வழற்சியில் பங்குகொள்ளும் அணுவை முதற்கண் கண்டவர், அது இன்னதென்று அறியாமலே மறைந்தார்.

1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராயிருந்த பால் லாங்கர்ஹான்ஸ், மனிதத் தோலைத் தங்கக் குளோரைடில் தோய்த்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மேற்றோலில் கிளைவிரிந்த அணுக்கள் கருமையாய்த் தோன்றின. நரம்பணுக்கள் என்றே கருதினார். நரம்புகளைக் காட்டவே அச்சாயம் பயன்பட்டு வந்ததாதலின், அவரைக் குறைகூறுவதற்கில்லை. 1888இல், நாற்பது வயதில், மடெய்ராத் தீவில் காலமானார்.

1973இல், ஒவ்வாமை கண்ட தோலில் வெள்ளணுக்கள் இவ்வணுக்களை ஒட்டி நிற்பது கண்டறியப்பட்டது. இவை அயற்பொருளைப் பற்றி, நிணநீர்க் கணுவிலுள்ள டி அணுக்களுக்குக் காட்டுவன எனப் பின்னர்த் தெளிந்தனர். அவ்வாறு பழகிய டி அணுக்கள், நிக்கல் மறுமுறை தீண்டியதும் கிருமியே புகுந்ததுபோல் திரண்டு அழற்சியை மூட்டுகின்றன.