ஓடில்லாக் கடல்நத்தைகள்: வகைப்பாட்டு வரலாறு

ஓடில்லாக் கடல்நத்தைகள், மண்டபத்து மீனவர் அறிந்த கடலட்டையோடு உறவேதுமில்லாத, சிப்பியும் சங்கும் அடங்கிய மெல்லுடலிகளின் வர்க்கத்தைச் சார்ந்த பிராணிகள். ஓட்டைத் துறந்து, பல இனங்களில் வர்ணத்தையும் விஷத்தையுமே கவசமாகக் கொண்டவை. மன்னார் வளைகுடாவும், அதன் எதிர்க்கரையான இலங்கையும் இவற்றின் ஆராய்ச்சியில் பழமையான இடம் பெற்றவை.

இலங்கையிற் பிறந்த வைத்தியர் கெலார்ட், 1858-லும் அதற்கடுத்த ஆண்டிலும் அத்தீவின் கரைகளில் கண்ட இனங்களை விவரித்து, உயிரோடிருக்கையில் அவற்றின் நிறத்தைச் சித்திரங்களாகவும் தீட்டுவித்தார். அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்தெடுத்த வால்ட்டர் எலியட் இந்தியாவிற் சேகரித்தவற்றை விலங்கியலார் ஆல்டரும் ஹான்காக்கும் 1864-இல் வெளியிட்டனர். சாராயத்தில் இட்ட உடல் நிறமிழந்து சுருங்கிவிடுமாதலால், பின்வந்தோர்க்குச் சித்திரமே பெருந்துணையாயிற்று. பிற்காலத்தில் இந்து, பௌத்த சமயங்களைப் பற்றி மூன்று பாகங்களில் பெருநூல் இயற்றிய இராஜதந்திரி சர் சார்ல்ஸ் எலியட்டே, நியூகாசில் நகரத்து ஹான்காக் காட்சிசாலையில் கெலார்ட்டின் சித்திரங்களை ஆராய்ந்து, தென்னிந்திய, இலங்கை இனங்களைப் பற்றி 1906-இல் எழுதினார் என்பது வியப்புக்குரியது.

நிறத்தை நம்பியவர்களும், அதனை ஐயுற்று நாக்கிலுள்ள நுண்பற்களின் வரிசையை நம்பியவர்களும் ஒருசேர ஏமாந்ததை மரபணுவே வெளிப்படுத்திற்று. ஆய்வாளர் ஜான்சன், காஸ்லினர் இருவரும் 2012-இல் இரண்டு மைட்டோகாண்ட்ரிய மரபணுக்களை ஒப்பிட்டு, குரோமோடோரிஸ் என்னும் பேரினத்தில் அடைக்கப்பட்டவை ஒரே வம்சத்தன அல்ல என்று காட்டவே, கெலார்ட் பெயரிட்ட ஃபிடெலிஸ், பிரிசியோசஸ் என்னும் இனங்கள் வழக்கொழிந்திருந்த கோனியோபிராங்கஸ் என்னும் பேரினத்துக்கு மாறின. குரோமோடோரிசிலேயே ஓரினம் பல கோலங்கள் பூணுவதும், வெவ்வேறினங்கள் ஒரே கோலம் பூணுவதும் 2018-இல் தெளிவாயின. இதனினும் பெரிய கவிழ்ப்பு முன்பே நிகழ்ந்திருந்தது: விலங்கியலார் மில்னே எட்வர்ட்ஸ் 1848-இல் வகுத்த 'பின்செவுளிகள்' என்னும் பெரும்பிரிவு 2010-இல் வெளியான ஆய்வில் சிதறி, பாசியின் சாற்றை உறிஞ்சும் கடல்நத்தைகள் தம்மையொத்த கடல்வாசிகளைவிட நம் தோட்டத்து நத்தைக்கே நெருங்கிய சுற்றமென்று தெரியவந்தது.

எனினும் மரபணு பெயரை உரைப்பதில்லை. பெயர் கெலார்ட்டின் ஏட்டிலும் சித்திரத்திலும் உள்ளது. மரபணுவையும் பெயரையும் இணைக்க, அவர் கண்ட கரைகளிலேயே புதிதாக எடுத்து, மரபணுவைச் சிதைக்கும் ஃபார்மலினில் இடாமல் சாராயத்தில் காத்த உடல் வேண்டும். இந்தோனேசியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ எடுத்ததன் மரபணுவைக்கொண்டு இலங்கைப் பெயரை நிலைநாட்டுவது, நிறம் கண்டு இனம் தீர்மானித்த பழம்பிழையின் மறுவடிவேயாகும்.