பழஞ் சவரக்கத்தியும் அதன் பிடியும்

இங்கிலாந்து தேசத்து ஷெபீல்டு நகரில் ஆக்கப்பெற்ற பழஞ் சவரக்கத்திகள் அந்நகரத்துக் கொல்லர் தொழிற்குச் சரித்திரச் சான்றாவன. ஆயின் அலகின் வயதும் பிடியின் வயதும் ஒவ்வாவிடின் அச்சான்று பொய்யாகும். அலகின் அடிப்பாகத்தில் முடியுருவமும் ‘டபிள்யூ. ஆர்.’ என்னும் எழுத்துக்களும் பொறித்திருப்பின், அது நான்காம் வில்லியம் அரசர் காலத்ததென (1830–1837) நாம் கொள்ளலாம். அதற்குச் செல்லுலாயிட் பிடி வாய்த்ததெங்ஙனம்? அப்பொருளுக்கு ஹையாட் சகோதரர் அமெரிக்காவில் உரிமை பெற்றதே 1870இல் அன்றோ! கொம்புப்பிடி உடைதல் இயல்பு. வேறு பூட்டுதல் குற்றமன்று. அதனை ஆதிப்பிடியென விற்றலே வஞ்சகம். கொம்பாயினும் ஆணியை நோக்குக: பழைய ஆணி சுத்தியலால் தட்டித் தலை பரப்பப்பட்டது, திருகாணியாயின் பெரும்பாலும் பின்னாளைய வேலையேயாம். பிடியின் உட்புறத்துத் துருக்கறை அலகின் வடிவோடு பொருந்துகின்றதா என்பதையும் விளக்கொளியிற் பார்த்தபின்னரே விலை பேசுக.