புதுச்சேரிக் குருமடமும் இலத்தீன் கல்வியும்

தரங்கம்பாடியில் 1738இல் அச்சான வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் இலத்தீனில் அமைந்தது. ஐரோப்பியக் குருமார் தமிழ் கற்பதற்கான நூல் அது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் புதுச்சேரியில் இந்நிலை திசைமாறியது: இலத்தீன் தமிழ்ச் சிறுவர் கற்கவேண்டிய மொழியாயிற்று.

1844இல் ஆயர் பொன்னாந்து கூட்டிய குருமார் மன்றம், உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதை வலியுறுத்தியது. திருப்பலி இலத்தீனில் நடந்த காலம் அது. ஐரோப்பியக் குருவுக்கு நிகராகப் பலிபீடத்தில் நிற்கத் தமிழ் இளைஞனுக்கு வழிவிட்ட மொழியே, அதில் தேறாதவனைத் தடுத்தும் நிறுத்தியது. 1846இல் புதுச்சேரியில் வெளிவந்த இலத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதியில் தலைச்சொல் இலத்தீன். பொருள் தமிழிலும் உண்டு. இவ்வமைப்பு தமிழ் மாணவனுக்கும் பயன்படத்தக்கது என்பது கருதத்தக்கது.

வேற்றுமை அம்மாணவனுக்குப் புதிதன்று. எட்டு வேற்றுமை அறிந்தவனுக்கு இலத்தீனின் ஆறு எளிதே. இடர் வேறிடத்தில் இருந்தது. ‘நல்ல’ என்னும் பெயரடை தமிழில் திரிவதில்லை. இலத்தீனிலோ தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமைக்கேற்பத் திரியும். திணைப் பகுப்பில் பழகியவனுக்கு மேசையும் பெண்பால் என்பது விந்தை. (‘மேசை’ என்னும் சொல்லே இலத்தீன் மூலத்திலிருந்து போர்த்துக்கீசியம் வழியாகத் தமிழுக்கு வந்தது.)

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பின் திருப்பலி தமிழில் நிகழலாயிற்று. குருமடங்களில் இலத்தீனின் கட்டாயமும் தளர்ந்தது.